ரெண்டாவது மூடி

கொஞ்சம் கால மடக்கிக்கிடுங்க அண்ணாச்சி, இந்தப் பொட்டியக் கீழ வச்சுக்கிடுதேன். மேல வச்சா பிரேக் போடும்போது யாரு தலையிலயாவது விழும். போதும் போதும், நீங்க நல்லா உட்காருங்க. திருச்செந்தூருக்கா? நான் குரும்பூர்ல எறங்கிருவேன். மச்சினன் வீடு அங்க. எம்பொண்டாட்டியும் பிள்ளையும் அந்த வீட்டுலதான் இருக்காங்க, ஆறு மாசமா.

நான் ரியாத்துல இருக்கேன். பேரு ஞானதுரை. கட்டடம் கட்டுற கம்பெனியில சேஃப்டி ஆபீசர். அப்படின்னா என்னன்னு கேப்பீங்க, எல்லாரும் கேப்பாங்க. வேலை நடக்கிற எடத்துல ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆயிரக் கூடாது, அதப் பாத்துக்கிடுததுதான் என் வேலை. தலையில தொப்பி இருக்கா, இடுப்புல பெல்ட்டு இருக்கா, வெயில்ல நிக்கிறவன் தண்ணி குடிச்சானா. விடியக்காலம் அஞ்சு மணிக்கு முந்நூறு பேர நிறுத்தி வச்சுப் பேசுவேன். பேசுறதுக்கு முன்னாடி அத்தன பேரு ஃபோனையும் வாங்கி ஒரு இரும்புப் பொட்டியில போட்டுப் பூட்டிருவேன். ஃபோனப் பாத்துக்கிட்டே நடந்து குழியில விழுந்தவன நான் தூக்கிருக்கேன். எட்டு வருஷமா என் சைட்டுல வெயில்ல ஒருத்தன் சாகல. அம்பது டிகிரி அண்ணாச்சி. ஒருத்தன் மொகத்தப் பாத்தே சொல்லிருவேன், இவனுக்குச் சூடு ஏறிட்டு, நிழலுக்குக் கொண்டு போங்கன்னு. அப்படிப்பட்டவனத்தான் என் மச்சினன் செல்வின் கொலகாரன்னு சொல்லுதான். சொல்லட்டும். உங்களப் பாத்தா நாலு எடம் போய்வந்தவரு மாதிரி இருக்கு. கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. செய்துங்கநல்லூர் இப்பத்தான் தாண்டுது, நேரம் கெடக்கு.

இந்த மே மாசம் பள்ளிக்கூட லீவுல பொண்டாட்டியையும் பிள்ளையையும் விசிட் விசாவுல கூப்பிட்டேன். பதினாலு வருஷத்துல முதத் தடவ. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க ரெண்டு மாசம் எனக்கு லீவு. கூட்டிப் பாருங்க, பதினாலு வருஷத்துல பதினாலு மாசம். அவ்வளவுதான் நானும் சுகிர்தாவும் ஒரே வீட்டுல இருந்தது. எம்பொண்ணு ஜெனிலினுக்குப் பதிமூணு வயசு. அது நடக்கப் பழகுனத நான் பாக்கல, சைக்கிள் பழகுனத நான் பாக்கல. அதனால ஒரு மூணு நாளாவது எங்களுக்குன்னு இருக்கணும், யாரும் ஊடால வரக் கூடாதுன்னு நெனச்சேன். இது தப்பா?

அங்க இஸ்திராஹான்னு ஒண்ணு உண்டு. ஊருக்கு வெளிய பாலைவனத்துல சுத்திச் சொவரு எழுப்பி, உள்ள ஒரு வீடு, ஒரு நீச்சக் கொளம், நாலு பேரீச்ச மரம், முன்னால பெரிய இரும்புக் கேட்டு. லீவு நாள்ல குடும்பத்தோட வாடகைக்கு எடுத்துத் தங்குவாங்க. ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு நான் ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே ஒண்ணு பிடிச்சு வச்சேன். ரியாத்துலருந்து நூத்திமுப்பது கிலோமீட்டரு. சுத்தி எங்க பாத்தாலும் மணலு. நான் மூணு நாளைக்கும் அட்டவணை போட்டு வீட்டுச் சொவத்துல ஒட்டிட்டேன். எத்தன மணிக்குக் குளிக்கணும், எத்தன மணிக்குக் கோழி சுடணும், எப்ப மணல்மேட்டுல ஏறிச் சூரியன் விழுறதப் பாக்கணும். ஒவ்வொரு மணிக்கும் ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணி. சுகிர்தா அதப் பாத்துச் சிரிச்சா. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.

போனதும் நான் முதல்ல செஞ்சது ஃபோன வாங்குனது. மூணு ஃபோனையும் பொட்டியில போட்டுப் பூட்டிச் சாவியச் சட்டப் பையில வச்சுக்கிட்டேன். மூணாம் நாள் கெளம்பும்போது குடுப்பேன்னு சொன்னேன். பிள்ளைக்கு மொகம் தொங்கிப் போச்சு. அவங்க அம்மா கொஞ்சம் இழுத்தா, அவசரம்னா என்ன செய்யன்னு. அவசரத்துக்குத்தான் நான் இருக்கேன்லா, அதுதான என் வேலைன்னேன். கேட்டையும் உள்ளாற பூட்டிட்டேன். வெளிய காவலுக்கு ஒரு ஆளு உண்டு, ரஃபீக்குல்னு பேரு, வங்காளதேசத்துக்காரன், அம்பது வயசு இருக்கும். அவன் வந்து, ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க, நான் பக்கத்து ஷெட்லதான் இருக்கேன்னு அரைகுறை இந்தியில சொன்னான். ஒண்ணும் வேண்டாம், நீ இந்தப் பக்கம் வராதேன்னு அனுப்பிட்டேன். குடும்பம் இருக்கிற எடம்லா.

அன்னைக்குச் சாயந்தரமே சுகிர்தாவுக்கு வயித்துல வலி வந்திருக்கு. சொல்லல அண்ணாச்சி. அதுதான் எனக்கு ஆத்தாமை. சொன்னா, சொல்லலன்னு சொல்ல மாட்டேன், ஆனா எப்படிச் சொன்னா? கோழிக்கு மசாலா தடவிக்கிட்டே, "அத்தான், தொப்புளச் சுத்தி ஒரு மாதிரி இருக்கு"ன்னா. அது ஒரு சொல்லா? வலின்னா வலின்னு சொல்லணும். பொறவு கோழியத் தின்னவே இல்ல. ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. நான் மொகத்தப் பாத்தேன், கண்ணப் பாத்தேன், உள்ளங்கையத் தொட்டுப் பாத்தேன். காந்துது. சூடு. சந்தேகமே இல்ல. இங்க வேப்பமரத்துக் காத்துல இருந்த ஒடம்பு, அந்தக் காத்து ஒத்துக்கிடல.

மறுநாள் காலையில எந்திரிக்க மாட்டேங்கா. ஒருக்களிச்சுப் படுத்துக் கால மடக்கி வச்சுக்கிட்டுக் கெடக்கா. அட்டவணைப்படி ஏழு மணிக்கு மணல்மேட்டுக்குப் போகணும். சரி, அதத் தள்ளி வைப்போம்னேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. அவ சொன்னா, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம் அத்தான்." நான் சொன்னேன், சூட்டுக்கு ஆஸ்பத்திரியில என்ன செய்வான், ஒரு பாட்டில் தண்ணிய ஏத்திப் படுக்கப் போட்டிருவான், இந்த மூணு நாளும் அங்கயே போயிரும்னு. அவ அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலன்னா என்ன அர்த்தம்? சரின்னுதான அர்த்தம்?

வைத்தியனுக்குக் குடுக்கத வாணியனுக்குக் குடுன்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க. எங்கிட்ட வெளக்கெண்ணெய் இருந்தது. செக்குல ஆட்டுன சுத்தமான எண்ணெய், ஏரல் சந்தையில வாங்குனது. நானே சொல்லி விட்டு அவளே ஊர்லருந்து கொண்டு வந்தா. வாராவாரம் நான் தொப்புள்லயும் கால் பெருவெரல்லயும் வைக்கது வழக்கம். வெயில்ல நிக்கிறவனுக்கு அதவிட மருந்து கெடையாது. அவளுக்கும் தொப்புள்ல வச்சேன், கால்ல வச்சேன், உச்சியில வச்சேன். வயித்துலயும் கெடந்து இறுகியிருக்கும், அதையும் எறக்கிருவோம்னு அந்தப் பாட்டில் மூடியால ஒரு மூடி குடிக்கக் குடுத்தேன். ஒரே ஒரு மூடி. அவளுக்குப் பிடிக்காது, மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சா. நானே தலையத் தாங்கிப் பிடிச்சுக் குடுத்தேன். பாசமாத்தான் குடுத்தேன்.

உங்க முகம் ஏன் அப்படிப் போகுது? நீங்களும் சின்ன வயசுல குடிச்சிருப்பீங்க, பள்ளிக்கூட லீவுல வீட்டுக்கு வீடு குடுப்பாங்களே. யாரு செத்தா?

அவ வலி குறையல. பத்து மணி, பதினோரு மணி, கூடிக்கிட்டே போகுது. முதல்ல தொப்புளச் சுத்தி இருந்தது இப்ப வலப்பக்கம் அடிவயித்துல வந்து நிக்குன்னா. வலி எறங்குது, அப்ப சூடும் எறங்குதுன்னு நான் சொன்னேன். ஜெனிலின் வந்து, "அப்பா, என் ஃபோனத் தாங்க, செல்வின் மாமாகிட்ட கேப்போம்"ன்னா. செல்வின் இங்க ஒரு ஆஸ்பத்திரியில கம்பவுண்டர் மாதிரி என்னமோ வேலை. நான் குடுக்கல. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி வந்தா. பொறவும் வந்தா. மூணு தடவ. கடைசியா நான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். இந்த வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன்ல, எட்டு வருஷமா முந்நூறு பேர உயிரோட வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதது உங்க மாமாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். பிள்ள அழல. என்னையவே பாத்துட்டுப் போயிட்டா.

இந்த ரஃபீக்குல் வேற. சுகிர்தா முனகுறது சொவருக்கு அந்தாண்ட கேட்டிருக்கும் போல. கேட்டத் தட்டி, மேடத்துக்கு ஒடம்பு சரியில்லையா, வண்டி எடுக்கட்டுமான்னு கேக்கான். ஒண்ணுமில்ல, பிரசவ வலி மாதிரி கத்துதா, வெயிலுதான்னு சொல்லி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி வந்தான். மறுபடி அனுப்பினேன். அவனுக்கென்ன அக்கறை, சொல்லுங்க.

ரெண்டு மணிக்கு அவளுக்கு நான் சுலைமானி போட்டுக் குடுத்தேன். பாலில்லாத டீ, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சீனி கூடப் போட்டு. பச்சத்தண்ணி எறங்க மாட்டேங்குதுன்னா, அதனால. நானே அடுப்படியில நின்னு போட்டேன். ஜெனிலின் அப்ப அங்கதான் நின்னா, ஜக்குல தண்ணி பிடிச்சுக்கிட்டு. அத நல்ல பிள்ளையாக் குடிச்சா சுகிர்தா. நான் போட்ட டீய ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சா. பதினாலு வருஷத்துல நான் அவளுக்குப் போட்டுக் குடுத்த முத டீ அண்ணாச்சி.

கேளுங்க, மூணரை மணிக்கு வலி நின்னுட்டு.

நெசமாத்தான். சொடுக்குப் போட்டாப்ல நின்னுட்டு. அதுக்குச் செத்த நேரம் முன்னாடி ஒரு அலறு அலறுனா, பொறவு அப்படியே அடங்கிட்டா. மொகத்துல ஒரு தெளிவு. "அத்தான், வலி போயிட்டு"ன்னா. என் கையப் பிடிச்சுக்கிட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு மொழங்கால் போட்டேன். பாத்தியா, எண்ணெய் வேலை செஞ்சுட்டுன்னு பிள்ளைகிட்ட சொன்னேன். போய்க் கொளத்துல குளி, அம்மா தூங்கட்டும்னேன். நானும் போய்க் கால நனச்சுக்கிட்டு உட்காந்தேன். எண்ணிப் பாத்தா ஒரு முக்கா மணி நேரம் இருக்கும். அந்த முக்கா மணி நேரந்தான் அந்த லீவுல நான் சந்தோஷமா இருந்தது. பொறவு டாக்டர் சொல்லுதாரு, குடல்வால் வெடிச்சா அப்படித்தான் செத்த நேரம் வலி நிக்குமாம். உள்ள சீழ் பரவுற நேரமாம் அது. நான் கொளத்துல கால் நனச்சுக்கிட்டு இருந்தேன்.

ஆழ்வார்திருநகரியா இது? ஆமா. வெரசாப் போறான் டிரைவர்.

திரும்பி வந்து பாத்தா அவளுக்குக் குளிர் நடுக்கம். நாப்பத்தஞ்சு டிகிரியில கம்பளி கேக்கா. வயிறு பலகை மாதிரி இருக்கு. தொட விட மாட்டேங்கா. நான் ஈரத்துணியப் போட்டேன். வேற என்ன செய்ய? சூட்டுக்குக் குளிர் நடுக்கமும் வரும், நான் சைட்டுல பாத்திருக்கேன். ஜெனிலினத் தேடுனேன், தண்ணி எடுத்துட்டு வரச் சொல்ல. ஆளக் காணும்.

எங்க இருந்தான்னு நெனைக்கீங்க? கேட்டுக்கிட்ட. கேட்டுக்கு அடியில ஒரு சாண் எடைவெளி உண்டு. அதுல கைய வெளிய நீட்டி அந்தக் காவக்காரன் ஃபோன வாங்கி, மண்ணுல குப்புறப் படுத்துக்கிட்டு, அவங்க மாமாகிட்ட பேசுதா. பெத்த அப்பன் உள்ள இருக்கேன். வீட்டு விஷயத்த ஒரு காவக்காரன் ஃபோன்ல, கடல் தாண்டி இருக்கிறவனுக்குச் சொல்லுதா. நான் ஃபோனப் பிடுங்கிக் காதுல வச்சேன். செல்வின் கத்துதான். "அத்தான், அது குடல்வால். ஒண்ணும் குடிக்கக் குடுக்காதீங்க. இப்ப வண்டிய எடுக்கலன்னா அக்கா செத்துப் போவா." அப்படிப் பேசுதான் எங்கிட்ட. என் பிள்ள என்னையக் காட்டிக் குடுத்துட்டான்னு அன்னைக்கு நெனச்சேன். இன்னைக்கும் அது எனக்கு ஆறல. சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் நான் அதச் சொல்லிருக்கேன்.

கேட்டத் தெறந்துட்டேன். ரஃபீக்குல் உள்ள வந்து, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, அவளப் போர்வையோட அள்ளி என் கார்ல படுக்க வச்சுட்டு, ஓட்டுற சீட்டுல அவனே உட்காந்துட்டான். என் கார அவந்தான் ஓட்டினான். எனக்கு ரோடு தெரியாது, அதனாலதான். நாப்பது கிலோமீட்டருல ஒரு சின்ன ஊரு, அங்க ஒரு ஆஸ்பத்திரி. வழியெல்லாம் அவன் என்னமோ ஓதிக்கிட்டே வந்தான். ஜெனிலின் அவங்க அம்மா தலைய மடியில வச்சுக்கிட்டு, "அம்மா கண்ணத் தெற, கண்ணத் தெற"ன்னு சொல்லிக்கிட்டே வந்தா. நான் முன்னால உட்காந்து எத்தன கிலோமீட்டரு, எத்தன கிலோமீட்டருன்னு கேட்டுக்கிட்டே வந்தேன். ஆண்டவரே என்னைய எடுத்துக்கிடும், அவள விட்டுரும்னு வேண்டுனேன். சத்தியமா வேண்டுனேன் அண்ணாச்சி. அந்த வேண்டுதல்ல பொய் கெடையாது.

அங்க ஒரு சூடான் டாக்டர். அவருக்கு ஒரே பார்வைதான். ஆளுங்கள விரட்ட ஆரம்பிச்சுட்டாரு. ஊசி போட்டுக்கிட்டே எங்கிட்ட இங்கிலீஷ்ல கேட்டாரு, இவங்களுக்கு ஏதாவது மருந்து குடுத்தீங்களா, பேதிக்கு ஏதாவது குடுத்தீங்களான்னு. என் சட்டையில கம்பெனிப் பேட்ஜ் குத்தியிருந்தது, சேஃப்டி ஆபீசர்னு. அவரு அதையும் பாத்தாரு. நான் ஒண்ணும் குடுக்கலன்னுட்டேன். அந்த நேரத்துல வாயில வந்தது அது. அது ஒரு பெரிய விஷயமா? எப்படியும் வெட்டித் தெறக்கத்தான போறாரு, தெறந்தா தெரியப் போகுது.

சுகிர்தா கண்ணத் தெறந்தா. நான் நெனச்சேன் அவளுக்கு நெனவே இல்லன்னு. என்னையப் பாத்தா. பொறவு அந்தப் பக்கம் திரும்பி, அங்க நின்ன நர்ஸம்மா சேலை, இல்ல, சட்டை, அந்த நுனியப் பிடிச்சு இழுத்தா. மலையாளத்துப் பிள்ள அது. "வெளக்கெண்ணெய் குடிச்சேன்மா. ஒரு மூடி"ன்னா. அந்தப் பிள்ளைக்குப் புரிஞ்சு டாக்டர்கிட்ட சொல்லிச்சு. டாக்டர் எழுதுனாரு. என்னைய நிமிந்து பாக்கல. அவ்வளவுதான், தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

அதுக்குப் பொறவு அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இருபத்திமூணு நாள் ஆஸ்பத்திரி. ரெண்டு ஆபரேஷன். வயித்துல கொழாய். நான் தெனமும் போய் உட்காருவேன். ஜூஸ் கொண்டு போவேன். சொவத்தப் பாத்துப் படுத்திருப்பா. காலையிலயே வந்திருந்தா ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. டாக்டர்மாரு அப்படித்தான் சொல்லுவாங்க. விசா முடிஞ்சதும் தெரிஞ்ச குடும்பத்தோட ரெண்டு பேரையும் அனுப்பி வச்சேன். ஏர்போர்ட்டுல பிள்ள மட்டும் திரும்பிப் பாத்துச்சு. ஊருக்கு வந்து அவ என் வீட்டுக்குப் போகல, தம்பி வீட்டுக்குப் போயிட்டா. என் நம்பர ஃபோன்ல பிளாக் பண்ணிட்டா. செல்வின்தான் சொல்லிக் குடுத்திருப்பான். இல்லன்னா இத்தன வருஷம் என்னையக் கண்டா எந்திரிச்சு நிக்கிறவளுக்கு இவ்வளவு வீம்பு எங்கருந்து வந்தது?

என்ன சொன்னீங்க? பொய் சொன்னதுக்காகவா? எண்ணெய் குடுத்ததுக்காக இல்ல, குடுக்கலன்னு சொன்னதுக்காகவா? அப்படியும் இருக்குமோ? அப்படி நான் யோசிக்கல.

அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டா? நீங்க யாரோ, நான் யாரோ. திருச்செந்தூர்ல எறங்கிப் போயிருவீங்க. இத நான் பாதிரியார்கிட்டகூடச் சொல்லல. அவ நர்ஸ்கிட்ட ஒரு மூடின்னு சொன்னாளே, அது அவளுக்குத் தெரிஞ்ச கணக்கு. ரெண்டு மூடி. ரெண்டாவத நான் டீயில ஊத்துனேன். ரெண்டு மணிக்கு. கேட்டா குடிக்க மாட்டேங்கா, வாந்தி வருதுங்கா, அதனால எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு சீனியக் கூடப் போட்டுக் கலக்கிக் குடுத்துட்டேன். மேல மெதந்த எண்ணெய ஸ்பூனால கலக்கிக்கிட்டே கொண்டு போனேன். அவ நல்லாருக்குன்னு சொல்லிக் குடிச்சா. டாக்டர் ஒரு மூடின்னு எழுதும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு வார்த்தை, ரெண்டுன்னு, அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் தெறக்கல.

பிள்ள பாத்திருக்காது. தண்ணிதான் பிடிச்சுக்கிட்டு இருந்தது.

தென்திருப்பேரை வந்துட்டா? அடுத்தது குரும்பூர்தான். இன்னும் பத்து நாள்ல கிறிஸ்மஸ். நான் வாரேன்னு செல்வின்கிட்ட சொல்லியிருக்கேன், அவன் வீட்டுக்கு வாங்க, அவ வெளிய வாரதும் வராததும் அவ இஷ்டம்னுட்டான். அவ கதவத் தெறக்கலன்னா நான் எங்க போவேன்? யாருக்காக அந்த வெயில்ல போய் நிப்பேன்? எனக்கு வேற யாரு இருக்கா? ஒரு ஒதவி செய்யணும் நீங்க. உங்க ஃபோனக் கொஞ்சம் தாங்க. என் நம்பர்னா எடுக்க மாட்டா. தெரியாத நம்பர்னா எடுத்துருவா. ஒரு நிமிஷம். அவ நம்பரு எனக்கு மனப்பாடம்.

அடிக்கு. அடிக்கு.

அலோ. யாரு, ஜெனியா? அப்பாதான் மக்ளே. வச்சிராத. வச்சிராதம்மா. இது ஒரு அண்ணாச்சி ஃபோன், பஸ்ல பக்கத்துல உட்காந்திருக்காங்க. ஆமா, கேட்டு வாங்குனேன். அம்மாட்ட குடு. ஒரே ஒரு வார்த்தை. ஏன்? சொல்லு, கேக்கேன். எது? எந்த டீ? ஜெனி. ஜெனி, நீ. சரி. சரிம்மா.

வச்சுட்டா.

இந்தாங்க ஃபோன். ரொம்ப நன்றி. இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல, தண்ணி வேண்டாம்.

அவ பாத்திருக்கா அண்ணாச்சி. மூடியத் தெறந்தது, ஊத்துனது, கலக்குனது, எல்லாத்தையும் நின்னு பாத்திருக்கா. பாத்ததனாலதான் பொறவு கேட்டுக்குப் போயிருக்கா. "டீயில ஊத்துனத நான் அம்மாட்ட சொல்லல, மாமாட்டயும் சொல்லல"ன்னா. இத்தன நாளும் சொல்லல. அம்மா பக்கத்து ரூம்லதான் இருக்காங்களாம். "அத நீங்கதாம்பா சொல்லணும். சொல்லதா இருந்தா எறங்கி வாங்க. இல்லன்னா அந்தப் பஸ்லயே போயிருங்க"ன்னா. சத்தம் போட்டுச் சொல்லல. மெதுவாத்தான் சொன்னா.

பதிமூணு வயசுப் பிள்ள. ஏழு மாசமா இத ஒத்தையில சொமந்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டு வந்திருக்கு. அம்மாகிட்ட சொன்னா அப்பன் அன்னைக்கே முடிஞ்சான்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அவ என்னையக் காட்டிக் குடுத்தவன்னு கண்டவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்பக்கூட உங்ககிட்ட சொன்னேன்லா, அரை மணி நேரத்துக்கு முன்னால.

குரும்பூர் பாலமா அது? அண்ணாச்சி, என்னன்னு ஆரம்பிக்க? எண்ணெய்ன்னு ஆரம்பிக்கவா, டீன்னு ஆரம்பிக்கவா? சூடுன்னு நெனச்சேன்னு சொல்லக் கூடாது, அது வேண்டாம். பாசத்துலதான் செஞ்சேன்னும் சொல்லக் கூடாது. அப்ப மிச்சம் என்ன இருக்கு? ரெண்டு மூடி. அவ்வளவுதான் இருக்கு. தெனமும் முந்நூறு பேருக்கு முன்னால பேசுதவன் நான், எனக்கு இந்த ரெண்டு வார்த்தை வர மாட்டேங்கு. அவ கதவச் சாத்திட்டா? சாத்தத்தான் செய்வா. இதக் கேட்டுட்டு எவ சாத்தாம இருப்பா?

கண்டக்டரே, குரும்பூர் ஒரு ஆள் எறங்கணும், விசில் அடிச்சிராதீங்க. அந்தப் பொட்டி, இல்ல, கெடக்கட்டும். பேரீச்சம்பழமும் சென்ட்டும்தான் இருக்கு. அதக் கையில வச்சுக்கிட்டு இதச் சொல்ல முடியாது. நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க. கொஞ்சம் கால மடக்கிக்கிடுங்க அண்ணாச்சி, நான் எறங்கணும்.